முதல்முறை சர்ஃபிங்: சிங்கப்பூரிலிருந்து கிளம்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாலிக்கு டிக்கெட் போட்ட கையோடு சில கேள்விகள் வரும். போய்த் திரும்பியதும் “ஏன் நிற்கவே முடியல?” என்று இன்னும் சில வரும். இரண்டையும் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். தமிழில் அலைச்சறுக்கு என்ற நல்ல சொல் இருக்கிறது. பேச்சில் சர்ஃபிங்தான் புழங்குகிறது என்பதால் இரண்டும் கலந்தே வரும்.

1. சுத்திக் கடல்தானே இருக்கு, சிங்கப்பூர்லயே ஏன் பழக முடியாது?

கடல் இருக்கிறது, அலை இல்லை. சறுக்குவதற்கு ஏற்ற அலை தொலைதூரக் கடலில் பிறக்கிறது. அங்கே காற்று பல நூறு கிலோமீட்டர் தடையின்றி வீசி நீரை உந்துகிறது. இந்தியப் பெருங்கடலிலிருந்து வரும் அலையைச் சுமத்ரா தடுத்துவிடுகிறது. தென்சீனக் கடலிலிருந்து வருவது ஜோகூரின் கிழக்கு முனையைச் சுற்றிக்கொண்டு ஆழம் குறைந்த நீரிணைக்குள் நுழைவதற்குள் வலுவிழந்துவிடும். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது ஈஸ்ட் கோஸ்ட் கரையில் எழும் சிற்றலைகளுக்கு ஒரு பலகையையும் ஆளையும் சேர்த்துத் தூக்கும் வலு கிடையாது.

2. சோமர்செட்ல செயற்கை அலை இருக்காமே. அங்க பழகிட்டாப் போதாதா?

டிரைஃபெக்டாவைச் சொல்கிறீர்கள். போய்ப் பாருங்கள், நன்றாக இருக்கும். ஆனால் அது வேறு விளையாட்டு. அங்கே அலை ஒரே இடத்தில் நிற்க, தண்ணீர் உங்களுக்கு எதிராகப் பாய்கிறது. நீங்கள் கையால் நீரைத் தள்ளிப் போவதில்லை, அலையைத் தேர்ந்தெடுப்பதில்லை, படுத்த நிலையிலிருந்து துள்ளி எழுவதும் இல்லை. கடலில் முதல் நாள் உங்களைத் திணறடிக்கப்போவது இந்த மூன்றும்தான்.

சமநிலை, முழங்கால் மடிப்பு, பார்வையை முன்னே வைப்பது ஆகியவை அங்கே பழகும். கடலில் சில நாள் பழகியவருக்கு அது நல்ல துணை. கடலையே பார்க்காதவருக்கு, அதே பணத்தில் சில மணி நேரம் நீச்சல் பயிற்சி எடுப்பது கூடுதல் பயன் தரும்.

3. அப்போ எங்க போறது, எந்த மாசம் போறது?

இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டு மாதத்தைப் பிறகு பார்ப்பதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. பலருக்கும் விடுப்பு பள்ளி விடுமுறையோடு ஒட்டியே கிடைக்கிறது. ஆகவே மாதத்திலிருந்து தொடங்குவோம். ஜூன் விடுமுறைக்குப் பாலியின் மேற்குக் கரை பொருந்தும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அங்கே வறண்ட பருவம், காற்று கரையிலிருந்து கடல் நோக்கி வீசும், அலை ஒழுங்காக வரும். கூட்டா, லெகியான் பகுதிகளில் அடியில் மணல்தான், பாறை இல்லை. அதே மாதங்களில் ஆஸ்திரேலியக் குளிர்காலப் பெரிய அலையும் வரும் என்பதால் அளவைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும் (கேள்வி 17). லொம்போக் தீவின் செலோங் பெலானாக் விரிகுடாவும் மணல் தரையும் மெல்லிய அலையும் கொண்டது. புக்கெட்டின் காத்தா கடற்கரையில் மே முதல் அக்டோபர் வரை அலை உண்டு. ஆனால் அங்கே இழுப்பு நீரோட்டம் கடுமையானது, சிவப்புக் கொடி பறந்தால் இறங்கவே கூடாது.

நவம்பர், டிசம்பர் விடுமுறைக்கு மலேசியத் தீபகற்பத்தின் கிழக்குக் கரையோ இலங்கையின் தெற்கோ சரி. தேசாரு நமக்கு மிக அருகில் இருக்கிறது. ஜோகூர் வழியாகக் காரில் போகலாம், தானா மேராவிலிருந்து படகும் உண்டு. வாடைக்காற்று வலுக்கும் நாள்களில் அங்கே கடல் கொந்தளிக்கும். அலை கிடைப்பதும் கடல் மூடப்படுவதும் அதே பருவத்தில்தான். குவாந்தானுக்கு வடக்கே உள்ள செராத்திங் புதியவர்களுக்கு இன்னும் இணக்கமானது. இலங்கையின் வெலிகம விரிகுடா நவம்பர் முதல் ஏப்ரல் வரை நன்றாக இருக்கும். ஏப்ரல், மே தொடங்கிச் செப்டம்பர் வரை காற்று மாறிக் கிழக்குக் கரை விழித்துக்கொள்ளும். அப்போது அறுகம் குடா. பக்கத்து ஊரான பொத்துவிலில் தமிழ் பேசுவார்கள் என்பதால் மொழிக் கவலையும் இல்லை. அங்கே புகழ்பெற்ற முதன்மை முனை உங்களுக்கானது அல்ல. உள்ளே ஒதுங்கிய பேபி பாயின்ட்டில் தொடங்குங்கள்.

டிசம்பரில் பாலி மலிவாகக் கிடைக்கிறதே என்று தாவ வேண்டாம். அந்தப் பருவத்தில் மேற்குக் கரையில் காற்று கடலிலிருந்து வீசி அலையைக் குலைக்கும், கூட்டா கரையில் குப்பையும் ஒதுங்கும். மார்ச் விடுமுறைக்குப் போகிறவர்கள், பாலி இந்துக்கள் மௌனமாக இருக்கும் புத்தாண்டு நாளான நியெப்பி எந்த நாளில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அன்று 24 மணி நேரம் விமான நிலையமே மூடியிருக்கும், கடற்கரைக்கும் போக முடியாது.

4. சென்னைக்குக் கல்யாணத்துக்குப் போறோம். கோவளத்துல ஒரு நாள் முயற்சி பண்ணலாமா?

தாராளமாக. ஆனால் வண்டிக்காரரிடம் சொல்லும்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் கோவளம் என்று சொல்லுங்கள். இணையத்தில் தேடினால் கேரளக் கோவளமும் சேர்ந்து வந்து குழப்பும். சென்னைக் கோவளம் மீனவர் ஊர். அங்கே பயிற்றுநர்கள் பலரும் அதே குப்பத்தில் கடலோடு வளர்ந்தவர்கள். தமிழிலேயே கற்றுக்கொள்ளலாம் என்பது சின்ன வசதியல்ல. நுரைக்குள் தடுமாறும்போது “இப்ப எழும்பு!” என்ற குரல் மொழிபெயர்ப்பு இல்லாமல் காதில் விழும். இன்னும் தெற்கே மாமல்லபுரத்தில் 2023 ஆகஸ்டில் உலக சர்ஃப் லீகின் தகுதிநிலைப் போட்டியே நடந்தது.

காலை 6 மணிக்கு இறங்குவதுபோல் திட்டமிடுங்கள். அப்போது காற்று இருக்காது, அல்லது நிலத்திலிருந்து மெல்ல வீசும். முற்பகல் ஏற ஏறக் கடற்காற்று கிளம்பி அலையைச் சிதைத்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம், புயல் சின்னம் உருவாகும் காலமும் அதுதான். அப்போது பயிற்றுநர் “இன்னைக்கு வேண்டாம்” என்றால் பேரம் பேசாதீர்கள்.

5. நீச்சல் சுமாராத்தான் வரும். லீஷ் கட்டியிருப்பாங்களே, போதாதா?

போதாது. லீஷ் என்பது பலகையைக் காலோடு இணைக்கும் கயிறு. அது பலகை பறந்துபோய் அடுத்தவரை அடிக்காமல் இருக்கத்தான். அறுந்தும் போகும். ஒரு நாள் பயிற்சி இடுப்பளவு நீரில்தான் நடக்கும் என்றாலும், பள்ளத்தில் கால் வைத்தால் நொடியில் கழுத்தளவாகிவிடும்.

குறைந்தபட்சம் இவ்வளவு வேண்டும்: நீச்சல் கண்ணாடி இல்லாமல், தரையைத் தொடாமல் 100 மீட்டர் நீந்த வேண்டும். ஆழத்தில் 5 நிமிடம் நின்ற இடத்தில் மிதக்க வேண்டும். முகத்தில் தண்ணீர் அடித்தால் பதறாமல் மூச்சை நிதானமாக்கத் தெரிய வேண்டும். வீட்டருகே உள்ள ஆக்டிவ்எஸ்ஜி குளத்திலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். நீருக்கடியில் மூச்சடக்கிப் பழகுகிறேன் என்று தனியாக முயலாதீர்கள். நீருக்குள்ளேயே நினைவு தப்பும் ஆபத்து உண்டு. நீச்சலே வராது என்றால் பயணத்தைச் சில மாதம் தள்ளிவையுங்கள். அலை எங்கும் ஓடிவிடாது.

6. எனக்கு 48 வயசு, கொஞ்சம் தொப்பை, முட்டி வேற வலிக்குது. எனக்கெல்லாம் ஒத்து வருமா?

வயதும் தொப்பையும் தடையில்லை. பெரிய பலகை எடுத்தால் எடையைத் தாங்கும். முழங்கால் விஷயத்தில் ஒரு சோதனை: தரையில் குந்தி உட்கார்ந்து, கையூன்றாமல் எழ முடிகிறதா? முடிந்தால் போகலாம். வலி குத்தினால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தோள் பற்றி யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும். இரண்டு மணி நேரப் பயிற்சியில் நிற்பது சில நொடிகள்தான். மற்ற நேரமெல்லாம் கையால் நீரைத் தள்ளுவதும் பலகையை இழுத்துக்கொண்டு நடப்பதும்தான். பழைய தோள் காயம், இதய நோய், வலிப்பு, செவிப்பறையில் துளை இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம்.

7. நண்பர் தன்னோட 6 அடி பலகையைத் தர்றேங்கறார். காசு மிச்சம்தானே?

வாங்காதீர்கள். அவருக்கு அது கை பழகிய பலகை. உங்களுக்கு அது நீரில் மூழ்கும் துண்டுப் பலகை. நீளமும் அகலமும் தடிமனும் கூடக்கூட பலகை நன்றாக மிதக்கும், அலையையும் சீக்கிரம் பிடிக்கும். முதல்முறைக்கு மேற்பரப்பு மென்மையான ஃபோம் பலகை வேண்டும். 65 கிலோவுக்குக் குறைந்தவருக்கு 8 அடி, அதற்கு மேல் 9 அடி என்பது பொதுக் கணக்கு. பலகைக்கு அடியில் மீன் துடுப்புபோல் நீட்டிக்கொண்டிருக்கும் துடுப்புகள் வளையும் பிளாஸ்டிக்கில் இருக்க வேண்டும். கண்ணாடியிழைத் துடுப்பு தொடையைக் கிழித்துவிடும்.

பலகை வாடகைக்கு எடுக்கும்போது இரண்டைப் பாருங்கள். லீஷ் கயிற்றில் வெட்டோ வெடிப்போ இருக்கிறதா? காலில் சுற்றும் பட்டை இறுகப் பிடிக்கிறதா? ஃபோமில் பிளவு இருந்தால் உள்ளே நீர் ஏறிக் கனத்திருக்கும், வேறொன்று கேளுங்கள்.

8. என்ன போட்டுக்கறது? உடம்பு முழுக்க மூடினாப்ல இருக்கணும். தாலியைக் கழற்றணுமா? கண்ணாடி?

முழுக்கை நீச்சல் சட்டையும் கணுக்கால் வரை இறுகிய காற்சட்டையும் ஆண், பெண் இருவருக்குமே நல்லது. வெயிலுக்காக மட்டுமல்ல. பலகை வயிற்றிலும் முட்டியிலும் உரசி உரசி ஒரு மணி நேரத்தில் தோல் சிவந்துவிடும். தொளதொள டீ-ஷர்ட் நீரில் கனத்து, தலைக்கு மேல் சுருண்டு ஏறும். தலையை மறைக்க விரும்புபவர்கள் நீச்சலுக்கென்றே தைத்த, தொங்கும் முனை இல்லாத தலையுறையை எடுத்துக்கொள்ளலாம்.

தாலிக்கொடி, சங்கிலி, வளையல், தோடு, மெட்டி எதுவும் வேண்டாம். தொலைந்துபோவது ஒரு பக்கம், லீஷில் சிக்கினால் காயம் இன்னொரு பக்கம். கழற்ற மனமில்லாதவர்கள் மஞ்சள் கயிறு கட்டி, சட்டைக்குள் ஒட்டுநாடாவால் ஒட்டிக்கொள்வதுண்டு. கான்டாக்ட் லென்ஸைத் தண்ணீரில் தவிர்ப்பதே நல்லது. அது இல்லாமல் கரையே தெரியாது என்றால் ஒரு நாள் மட்டும் அணியும் வகையைப் போட்டு, கரையேறியதும் எறிந்துவிடுங்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு வராதீர்கள், பலகை வழுக்கும். சன்ஸ்கிரீனை முகம், கழுத்து, காது, புறங்கைக்குத் தடவுங்கள். உள்ளங்கையிலும் வயிற்றிலும் வேண்டாம். இதுவும் வழுக்கல்தான்.

9. போறதுக்கு முன்னாடி வீட்டுலேயே என்ன பயிற்சி பண்ணலாம்?

படுத்த நிலையிலிருந்து ஒரே அசைவில் நிற்பதைத்தான் பாப்-அப் என்பார்கள். வீவக வீட்டுக் கூடத்திலேயே பழகலாம். தரையில் 50 சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு கோடும் நடுவே ஒன்றும் ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். குப்புறப் படுத்து, உள்ளங்கைகளை மார்புக்கு இருபுறமும் கீழ் விலாவை ஒட்டித் தரையில் பதியுங்கள். தண்டால் எடுப்பதுபோல் மேலுடலை உயர்த்தி, இடுப்பைத் தூக்கி, முன்காலைக் கைகளுக்கு நடுவே கொண்டுவந்து நில்லுங்கள். இரு பாதமும் நடுக்கோட்டுக்குக் குறுக்காக, தோளகலத்துக்குச் சற்றே கூடுதல் இடைவெளியில் இருக்க வேண்டும்.

நாளுக்கு 15 முறை, இரண்டு வாரம். முட்டி போட்டு எழும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே விடுங்கள். வீட்டில் முட்டி போடுபவர் கடலிலும் முட்டி போடுவார், அங்கேயே தங்கிவிடுவார். உடல் ஒத்துழைக்காதவர்கள் பின்பாதத்தை முதலில் பக்கவாட்டில் ஊன்றி, பிறகு முன்காலைக் கொண்டுவரும் மெதுவான முறையைப் பயன்படுத்தலாம், தவறில்லை.

10. எந்தக் கால் முன்னாடி?

நிமிர்ந்து நில்லுங்கள், பின்னாலிருந்து யாரையாவது சொல்லாமல் லேசாகத் தள்ளச் சொல்லுங்கள். தடுமாறும்போது முன்னே போகும் கால்தான் பெரும்பாலும் உங்கள் முன்கால். இடக்கால் முன்னால் வருவோர் அதிகம். வலக்கால் வந்தாலும் ஒன்றும் குறையில்லை. லீஷ் எப்போதும் பின்காலின் கணுக்காலில். கயிறு தொடங்கும் இடம் வெளிப்புறம் பார்த்திருந்தால் காலடியில் சிக்காது.

11. முதல் நாள் தண்ணிக்குள்ள சரியா என்னதான் நடக்கும்?

முதலில் 20, 30 நிமிடம் மணலில். பிறகு இடுப்பளவு நீருக்கு நடந்து போவீர்கள். முதல் நாள் முழுவதும் உடைந்து நுரையாக வரும் அலையில்தான், உடையாத அலை பக்கம் போகமாட்டீர்கள். அந்த நுரையலை ஒரே திசையில் தள்ளும், உங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

பலகையைக் கரை நோக்கித் திருப்பி அதன் மேல் படுங்கள். எங்கே படுக்கிறீர்கள் என்பதுதான் பாதி வெற்றி. கால்விரல்கள் பலகையின் வால் (பின்முனை) அருகே இருக்க, பலகையின் மூக்கு (முன்முனை) நீர்மட்டத்துக்கு மேல் நாலு விரல் உயரத்தில் நிற்க வேண்டும். சரியான இடம் கிடைத்ததும் உங்கள் முகவாய்க்கு நேரே பலகையில் ஏதாவது அடையாளம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், எழுத்தோ கோடோ. அடுத்த முறை அதே இடத்தில் படுக்கலாம். நுரையலை நாலைந்து மீட்டர் தொலைவில் இருக்கும்போது கையால் வலிக்கத் தொடங்குங்கள். விரல்களை லேசாகச் சேர்த்து, முழங்கை வரை நீரில் இறங்கும்படி, ஆழமாக, நிதானமாக. வால் தூக்கப்படுவது தெரியும். அப்போது நிறுத்தாதீர்கள். இன்னும் இரண்டு முறை கையால் நீரைத் தள்ளி, பலகை தானாக ஓடுகிறது என்று உறுதியானதும் எழுங்கள்.

முதல் ஐந்தாறு அலைக்கு எழவே வேண்டாம். படுத்தபடியே கரை வரை வாருங்கள். எடையை இடம் வலமாகச் சாய்த்துப் பலகை எப்படித் திரும்புகிறது என்று பாருங்கள். அவசரப்பட்டு முதல் அலையிலேயே நிற்க முயல்பவரைவிட, இப்படிப் படுத்தே வந்தவர் பயிற்சி முடிவில் நீண்ட நேரம் நிற்பார். கரையை நெருங்கியதும் முட்டியளவு ஆழத்திலேயே இறங்கிவிடுங்கள். அதற்கு மேல் போனால் துடுப்பு மணலில் குத்தி, பலகை நின்றுவிடும், நீங்கள் நிற்கமாட்டீர்கள்.

12. மூக்கு குத்திக் குட்டிக்கரணம் அடிக்குது. முன்னாடி போனா இப்படி, பின்னாடி வந்தா அலை விட்டுட்டுப் போகுது. என்ன பண்ண?

இரண்டும் படுக்கும் இடத்தின் கோளாறு. மூக்கு குத்தினால் ஓர் அங்குலம் பின்னே, அலை கடந்து போனால் ஓர் அங்குலம் முன்னே. ஒரேயடியாக அரை அடி நகர்ந்தால் ஒரு தவறிலிருந்து எதிர்த் தவறுக்குப் போய்ச் சேர்வீர்கள். இடம் சரியாக இருந்தும் மூக்கு குத்தினால், தலையைக் கவிழ்த்துக் கீழே பார்க்கிறீர்கள் என்று பொருள். மார்பைச் சற்று உயர்த்துங்கள். அலை நேராக உங்கள் பின்னால் வராமல் சாய்வாக வந்தாலும் பலகை உருளும். படுக்கும் முன் ஒருமுறை தோளுக்கு மேல் திரும்பிப் பாருங்கள்.

13. எழும்பிட்டேன், ஆனா ரெண்டு நொடியிலே விழுந்துடறேன்.

நூற்றுக்குத் தொண்ணூறு பேர் காலைப் பார்த்துக்கொண்டே விழுகிறார்கள். கண் போகும் இடத்துக்கு உடல் போகும். கரையில் ஒரு மரத்தையோ குடையையோ குறிவைத்துப் பாருங்கள். அடுத்த காரணம், காலை நேராக நீட்டி இடுப்பில் குனிவது. மடிய வேண்டியது முழங்கால், இடுப்பு அல்ல. விமான இருக்கையில் பாதி எழுந்தாற்போன்ற நிலை.

எழும்போது பலகையின் விளிம்பைப் பிடிப்பவர்களுக்கு வேறு சிக்கல். ஒரு கை சற்றுக் கூடுதலாக அழுத்தினாலும் பலகை அந்தப் பக்கம் கவிழும். கேள்வி 9இல் சொன்னபடி உள்ளங்கை தட்டையாகப் பலகை மேல் இருக்க வேண்டும்.

14. எப்படி விழுறது?

தட்டையாக, பின்புறமாகவோ பக்கவாட்டிலோ, பலகையை விட்டு விலகி. தலைகீழாகப் பாயவே கூடாது. அடியில் மணல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மேலிருந்து தெரியாது, கழுத்துக் காயங்கள் இப்படித்தான் நேர்கின்றன. காலை ஊன்றிக் குதிக்கவும் வேண்டாம், கணுக்கால் பிசகும். நீருக்குள் போனதும் இரு கையாலும் தலையைப் பொத்திக்கொள்ளுங்கள். மேலே வரும்போதும் கை தலைக்கு மேல்தான், லீஷ் இழுத்த பலகை சுருண்டு திரும்பி வரும்.

15. பலகையை இழுத்துட்டு உள்ள போறப்போ அது முகத்துல வந்து அடிக்குது.

அலைக்கும் உங்களுக்கும் நடுவே பலகையைக் குறுக்காக வைத்திருப்பதால்தான். பலகை எப்போதும் உங்கள் பக்கவாட்டில், மூக்கு நேராகக் கடலைப் பார்த்து இருக்க வேண்டும். அலை வரும்போது மூக்கை லேசாகத் தூக்கிவிட்டால் அது அலை மேல் ஏறிப்போகும். லீஷைக் கையில் சுற்றிப் பிடிக்காதீர்கள், விரல் நசுங்கும். பலகையைக் கைவிட்டுவிட்டு முங்குவதும் கூடாது. உங்கள் பின்னால் நிற்பவரின் பல் அதற்கு விலையாகலாம்.

16. கடல் உள்ள இழுத்துட்டா?

கரைக்கு வந்து குவிந்த நீர் திரும்பிப் போக ஒரு வாய்க்கால் தேடும். அந்த ஓட்டத்தை ரிப் என்பார்கள். கரையிலிருந்து பார்த்தால் இருபுறமும் அலை உடைந்து வெள்ளையாக இருக்க, நடுவே மட்டும் இருண்டு, அலை உடையாமல் அமைதியாகத் தெரியும். பழக்கமில்லாதவர் அந்த அமைதியைப் பார்த்து அங்கேயே இறங்குவார். ஏமாற்றுவதே அதுதான். இறங்கும் முன் பத்து நிமிடம் மணலில் உட்கார்ந்து கடலைப் பாருங்கள்.

சிக்கிக்கொண்டால் பலகையை விடாதீர்கள், அது உங்கள் மிதவை. கரையை நோக்கி எதிர்த்து வலிக்காதீர்கள், களைப்புதான் மிஞ்சும். கரைக்கு இணையாக, அலை உடையும் பக்கம் நோக்கிப் போங்கள். அங்கிருந்து நுரையே உங்களைத் திருப்பிக் கொண்டுவரும். போக முடியாவிட்டால் பலகையின் மேல் படுத்து, ஒரு கையை உயர்த்தி ஆட்டுங்கள். ஓட்டம் கீழ்நோக்கி இழுக்காது, வெளியேதான் தள்ளும் என்பதை நினைவில் வைத்தால் பதற்றம் குறையும்.

17. அலை கணிப்பு ஆப்புல 4 அடின்னு காட்டுது. சின்னதுதானே?

முதல்முறைக்குப் பெரியது. ஒன்று, இரண்டு அடிதான் உங்கள் கணக்கு. ஆனால் உயரத்தை மட்டும் பார்ப்பது பாதிக் கணக்கு. பக்கத்தில் நொடிக் கணக்கு ஒன்று இருக்கும், ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளி. 2 அடி, 6 நொடி என்றால் மெலிந்த காற்றலை. அதே 2 அடி 15 நொடி என்றால் தொலைவிலிருந்து வரும் வலுவான அலை, கரையில் இன்னும் உயர்ந்து உடையும். ஓர் அலை, தன் உயரத்தைப்போல் ஏறத்தாழ 1.3 மடங்கு ஆழத்துக்கு வரும்போது உடைகிறது. 2 அடி அலை உடையும் இடம் தொடையளவு நீர் என்று புரிந்துகொள்ளலாம்.

மூன்றாவது காற்று. கரையிலிருந்து கடலுக்கு வீசினால் அலை முகம் வழவழப்பாக இருக்கும், எதிராக வீசினால் குலையும். கேள்வி 4இல் அதிகாலையை வலியுறுத்தியது இதற்காகத்தான். நான்காவது ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவது. நீர் வற்றிய நேரத்தில் சில கடற்கரைகளில் அலை திடீரெனச் செங்குத்தாக உடையும். எந்த ஓதத்தில் எந்த இடம் என்பது ஊருக்கு ஊர் மாறும், அதை உள்ளூர்ப் பயிற்றுநரிடம் கேட்பதைவிடச் சுருக்கு வழி இல்லை.

18. ஜெல்லி மீன், சுறா, பவளப்பாறை?

சுறாவை விடுங்கள். ஜெல்லி மீன் கொட்டினால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். கடல்நீரால் அலசி, ஒட்டிய இழைகளை அகற்றிக் கரையேறுங்கள். உள்ளூர் உயிர்காப்பாளருக்கு அந்தக் கரையில் எந்த வகை வரும், வினிகர் போடலாமா சுடுநீரா என்று தெரியும். மூச்சுத் திணறினால் நேராக மருத்துவமனை. பவளப்பாறை உள்ள இடத்தில் நீங்கள் இருக்கவே கூடாது. கீறிவிட்டால் சுத்தமான நீரில் நன்றாகக் கழுவி, துகள்களை எடுத்து, டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று பாருங்கள். வெப்பமண்டலத்தில் அந்தக் கீறல் சீக்கிரம் சீழ்ப்பிடிக்கும்.

19. பயிற்சி முடிஞ்சதும் முதுகு வலிச்சா சாதாரணம்தானே?

கை, தோள், விலா, கழுத்து வலி சாதாரணம். கீழ் முதுகில் தசைப்பிடிப்பும் வரலாம். ஆனால் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அரிதாக, அதுவும் பெரும்பாலும் முதல் நாள் பழகுவோருக்கே, அடிபடாமலேயே தண்டுவடம் பாதிக்கப்படும் நிலை ஒன்று உண்டு. நீண்ட நேரம் குப்புறப் படுத்து முதுகைப் பின்னோக்கி வளைத்தபடியே இருப்பதால், தண்டுவடத்துக்குப் போகும் ரத்த ஓட்டம் தடைபடுவதே காரணமாகக் கருதப்படுகிறது. திடீர் முதுகுவலியைத் தொடர்ந்து கால் மரத்துப்போவது, வலுவிழப்பது, சிறுநீர் கழிக்க முடியாமல் போவது அறிகுறிகள். தைலம் தேய்த்துப் படுக்காமல் உடனே அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும்.

தவிர்ப்பது எளிது: அலைக்குக் காத்திருக்கும்போது படுத்தே கிடக்காமல் எழுந்து நில்லுங்கள், அல்லது பலகை மேல் உட்காருங்கள். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு இறங்குங்கள். இறங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன் இட்லியோ வாழைப்பழமோ போதும். இரண்டு புரோட்டாவும் தே தாரேயும் குடித்துவிட்டுக் குப்புறப் படுத்தால் என்னாகும் என்று விளக்க வேண்டியதில்லை.

20. யூடியூப் பார்த்தாச்சு. ஆசிரியர் இல்லாம நாங்களே பலகை எடுத்து இறங்கலாமா?

முதல் இரண்டு முறை வேண்டாம். காணொளியால் அசைவைச் சொல்லித்தர முடியும், அன்றைய கடலை யார் சொல்வது? பதிவு செய்யும் முன் நாலு கேள்வி கேளுங்கள்: ஓர் ஆசிரியருக்கு எத்தனை பேர் (இரண்டு நல்லது, நாலுக்கு மேல் வேண்டாம்), அவரும் தண்ணீருக்குள் வருவாரா, உயிர்காப்புப் பயிற்சி பெற்றவரா, கடல் சரியில்லை என்றால் நாள் மாற்றித் தருவார்களா. நாலாவதற்குத் தயங்குபவர் மோசமான கடலிலும் உங்களை இறக்கிவிடுவார்.

பயணக் காப்புறுதியில் சர்ஃபிங் அடங்குமா என்றும் பாருங்கள். பாலியில் பலரும் அலையில் அடிபடுவதில்லை, வாடகை மோட்டார்சைக்கிளில்தான் அடிபடுகிறார்கள். உரிய உரிமம் இல்லாமல் ஓட்டி விழுந்தால் காப்புறுதி கைகொடுக்காமல் போகலாம்.

21. பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போலாமா?

ஆறேழு வயதிலிருந்து பழகலாம். நீச்சல் விஷயத்தில் கேள்வி 5இல் சொன்னதில் பிள்ளைகளுக்குச் சலுகை இல்லை. ஒரு பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை. உதடு நீலமாகி நடுங்கினால் வெயில் அடித்தாலும் வெளியே எடுங்கள். நீங்களும் அதே நேரத்தில் பயிற்சி எடுத்துக்கொண்டு பிள்ளையையும் கவனிப்பது நடக்காது.

22. யாரோ திட்டிட்டார். அவர் அலைக்குள்ள நான் வந்துட்டேனாம். அலைக்குப் பட்டா இருக்கா?

ஏறத்தாழ உண்டு. ஓர் அலை முதலில் உடையும் முனைக்கு மிக அருகே இருப்பவருக்கே அந்த அலை. ஒருவர் ஏற்கெனவே சறுக்கி வரும்போது அவர் பாதையில் எழுந்து நிற்பது இந்த விளையாட்டின் பெருங்குற்றம். நுரையலைப் பகுதியில் இது அவ்வளவு கறாராக இருக்காது. ஆனாலும் ஆள் வரும் பாதையில் நிற்காதீர்கள், சறுக்குவோர் பாதையைச் சுற்றி உள்ளே போங்கள். தவறிவிட்டால் கையைத் தூக்கி மன்னிப்புக் கேளுங்கள், பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும்.

23. மூணு நாள் லீவுல எவ்வளவு தூரம் வர முடியும்? உடையாத அலையை எப்போ பிடிக்கலாம்?

நாளுக்கு ஒரு பயிற்சி, இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், பெரும்பாலோர் முதல் நாளிலேயே சில நொடி நிற்பார்கள். இரண்டாம் நாள் உடம்பு வலியால் முதல் நாளைவிட மோசமாக இருக்கும், அதற்காக மனம் தளர வேண்டாம். மூன்றாம் நாள் கரை வரை நின்றபடி வருவது பலருக்கும் முடியும். ஒரே நாளில் இரண்டு பயிற்சி எடுத்து ஈடுகட்டலாம் என்ற கணக்கு தோளில் இடிக்கும்.

உடையாத அலைக்குப் போக ஓர் அளவுகோல்: ஆசிரியர் தள்ளிவிடாமல், நீங்களே தேர்ந்தெடுத்த பத்து நுரையலையில் ஏழில் நின்று, விரும்பிய பக்கம் லேசாகத் திருப்ப முடிகிறதா? பலகை மேல் உட்கார்ந்து 180 பாகை திரும்பத் தெரிகிறதா? ஆம் என்றால் அடுத்த பயணத்தில் கேளுங்கள். மூன்று நாளில் அங்கே போய்ச் சேர்பவர்கள் குறைவு.